தோம்பும் துடக்கும்: நெடுந்தீவுக் குடும்பத்தில் மறைந்துபோன கிளையைத் தேடுவது

இலங்கையின் பழைய பிறப்புச் சான்றிதழில் "பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?" என்றொரு கூடு உண்டு. அம்மம்மாவின் சான்றிதழை முதன்முதலாகக் கையில் எடுத்து, அந்தக் கூட்டில் "இல்லை" என்று இருப்பதைக் காண்பவருக்குத் திக்கென்றுதான் இருக்கும். பாதித் தேடல்கள் அந்த இடத்திலேயே பிழையாகிப்போகின்றன. "இல்லை" என்பது பெரும்பாலும் "பதிவு இல்லை" என்பதைத்தான் சொல்கிறது. தாலியும் கூறையும் கொடுத்து, ஊர் கூடிச் சோறு தின்று நடந்த கலியாணத்தை இலங்கைச் சட்டம் பதிவில்லாமலே ஏற்றுக்கொள்கிறது. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தால் போதும். ஆனால் பதிவாளர் பத்திரம் கேட்பார். பத்திரம் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதிவிடுவார். அப்படிப்பட்டவர்களில் பலர் பிள்ளைகள் பிறந்து பல வருடங்களுக்குப் பிறகு, உத்தியோகத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ பத்திரம் தேவைப்பட்டபோதுதான் பதிவுக்குப் போனார்கள்.

தகப்பன் பெயர்க் கூடு வெறுமையாக இருப்பதையும் இப்படியே நிதானமாகப் பார்க்க வேண்டும். மணமாகாத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எழுதுவதென்றால், தாயும் அந்த ஆளும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது பதிவுச் சட்டம். ஆள் கொழும்பில் கடையில் நின்றிருந்தாலோ கடலுக்குப் போயிருந்தாலோ கூடு வெறுமையாகவே இருக்கும். அவர் பிள்ளையை மறுத்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உண்மையில் கவனிக்க வேண்டியது பிறப்பை அறிவித்தவர் யார் என்ற கூடு. தாயின் தகப்பனோ தமையனோ அறிவித்திருந்தால் ஒரு கதை. உறவே சொல்லாத ஓர் ஆண் அறிவித்திருந்தால் வேறொரு கதை. ஓரத்தில் பிற்காலத்தில் எழுதிய திருத்தக் குறிப்பு உண்டா என்றும் பாருங்கள். அதற்காகவே தட்டச்சுப் பிரதியை விட்டு, மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் நிழற்பிரதியைக் கேட்டு வாங்குவது நல்லது.

பதிவைத் தேடும் இடத்திலும் பிழை விடுகிறார்கள். பிறப்பு, பிறந்த இடத்துப் பிரிவில்தான் பதியப்படும். குடியிருந்த இடத்தில் அல்ல. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாகி அதை ஊர் அறியக்கூடாது என்றால், அவள் தோணி ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ பெரியம்மா வீட்டுக்கோ அனுப்பப்பட்டிருப்பாள். ஆகவே தீவுப் பிரிவில் பதிவு இல்லையென்றால், தாயின் சகோதரிகள் எங்கெங்கே கலியாணம் முடித்திருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இலக்கமும் திகதியும் தெரியாதபோது தேடுதல் விண்ணப்பம் 2 வருட இடைவெளிக்குத்தான் போகும். எனவே "1930 வாக்கில்" என்று எழுதாமல் "1929 தை முதல் 1930 மார்கழி வரை" என்று எழுதிக் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் பதிவேடு அழிந்திருந்தால், கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் மத்திய பதிவேட்டறையில் உள்ள இரண்டாம் பிரதியைக் கேட்கலாம். 42 நாட்களுக்குள் பதிய வேண்டிய பிறப்பு பல வருடம் கழித்துப் பதியப்பட்டிருந்தால், அதில் உள்ள பிறந்த திகதியை நம்பாதீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயது குறைத்தும் கூட்டியும் எழுதிய பதிவுகள் எத்தனையோ.

முதலில் காணி, பிறகுதான் ஆட்கள்

தேடப் போகிறவர்கள் எல்லோரும் வயதானவர்களிடம் பேசுவதிலிருந்துதான் தொடங்குவார்கள். தீவுகளைப் பொறுத்தவரை அது தலைகீழ் வழி. ஆட்கள் ஒருவரையொருவர் காப்பாற்றப் பேசுவார்கள். காணி உறுதி எனும் சொத்துப் பத்திரத்திலோ பொய் சொன்னால் பங்கு கெட்டுவிடும். அதனால் கலியாண வீட்டில் சபையில் இருத்தாத பிள்ளையைக்கூட உறுதியில் எழுதியாக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்தில் ஒரு காணியின் வரலாற்றை எடுப்பதை இன்றும் "தோம்பு பார்த்தல்" என்றுதான் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் விட்டுப்போன, காணிப் பதிவேட்டைக் குறிக்கும் சொல் அது. நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று பெயர் வைத்தவர்களும் ஒல்லாந்தர்தான்.

தோம்பு எடுக்க, குடும்பத்தில் யாரிடமாவது உள்ள ஏதாவது ஓர் உறுதி போதும். அதில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் (உறுதி எழுதிப் பதிபவரின்) பெயர், காணியின் பெயர், விஸ்தீரணம், நாலு எல்லை இருக்கும். இவற்றை வைத்து அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைப் பிடிக்கலாம். பக்கம் கிடைத்ததும் முந்திய பக்கம் எது, அடுத்த பக்கம் எங்கே கொண்டுசெல்லப்பட்டது என்ற குறிப்புகளைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு பதிவிலும் கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் வகை, பெறுமதி என நாலையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால், இரண்டு மூன்று தலைமுறையின் ஏறுகொடி தானாகவே எழும்பும். பதியாத உறுதியும் உண்டு. அதற்கு, நொத்தாரிசு எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போயிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

விஸ்தீரணத்தில் தடக்குப்படாமல் இருக்க: 18 குழி 1 பரப்பு, 16 பரப்பு 1 ஏக்கர். 1 பரப்பு 10 பேர்ச்சஸ். காணிப்பெயர் ஒன்றாக இருந்தால் காணியும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் பத்துத் துண்டு இருக்கும். எல்லைக்காரர்களின் பெயரை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அந்த எல்லைக்காரர்களும் தேடலுக்கு உதவுவார்கள். தாய்வழிக் காணி துண்டாடப்பட்டால் பக்கத்துக் காணிக்காரர் பெரும்பாலும் சகோதரங்கள்தான். அந்த வரிசையில் யாருக்கும் உறவாகச் சொல்லப்படாத ஒரு பெண்ணின் பெயர் வந்தால், அவளுடைய உறுதியையும் எடுங்கள்.

இனிப் பின்னங்கள். தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் விற்கும்போது "1/3 பங்கு" என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது ஆள் யார்? இந்தக் கேள்வியே பல இடங்களில் கதவைத் திறந்திருக்கிறது. ஆனாலும் பாய்ந்து முடிவெடுக்கக் கூடாது. இங்கே நடப்பது தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக்கியது. அதன் கீழ்ச் சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றாரின் மீதிச் சொத்தில் பங்கில்லை. அவளை எண்ணாமல்தான் பின்னம் வரும். அதுபோல, தேடியதேட்டத்தில் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்தில்) பாதி உயிரோடிருக்கும் துணைக்குப் போவதால், "1/4" என்றவுடன் நாலு பிள்ளைகள் என்று எண்ண வேண்டாம். தாய்க்குப் பாதி, இரண்டு பிள்ளைகளுக்கு மீதி என்றாலும் கணக்கு அதுதான். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றில் அந்தக் காணி எது என்று தெரிந்த பிறகுதான் பின்னத்தைப் படிக்கலாம்.

உறுதியின் வகையும் பேசும். சீதன உறுதியின் திகதி கலியாணத் திகதிக்கு நாட்கணக்கில் அண்மையாக இருக்கும். கலியாணப் பதிவே இல்லாத தலைமுறைக்கு இதுதான் கலியாணப் பத்திரம். அதில் மாப்பிள்ளை பெயர் நீங்கள் அறிந்த பாட்டாவின் பெயராக இல்லாவிட்டால், ஆச்சிக்கு முன்னமே ஒரு கலியாணம் இருந்திருக்கிறது, அல்லது பேசி எழுதிக் குழம்பியிருக்கிறது. நன்கொடை உறுதியில் "அன்பினிமித்தமும் பட்சத்தினிமித்தமும்" என்பது எல்லா நொத்தாரிசும் எழுதும் வாய்பாடு. அதைக் காதல் கடிதமாக வாசிக்காதீர்கள். ஆனால் அந்த வாய்பாட்டுக்கு முன்னால் "எனது மகள்", "எனது பெறாமகன்" என்று உறவு எழுதுவது வழக்கம். உறவு எழுதாமல் வெறும் பெயருக்கு ஒரு வீட்டுவளவு கொடுத்து, சாகும்வரை தான் அனுபவிக்கும் சீவிய உரித்தையும் வைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால், அங்கே நின்று பார்க்க வேண்டும்.

அடுத்தது பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் அடையாளம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, உரிமைவழிச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆகவே ஒரு பெண் தனியே கையெழுத்து வைத்திருந்தால் அவள் மணமாகாதவள், அல்லது கைம்பெண், அல்லது நீதிமன்ற அனுமதி பெற்றவள். கடைசி வகைதான் பெரிய புதையல். கணவன் கைவிட்டுப் போனான், இருக்குமிடம் தெரியவில்லை, இருவரும் சம்மதத்தோடு பிரிந்திருக்கிறார்கள் என்பது போன்ற காரணம் காட்டித்தான் மாவட்ட நீதிமன்றம் அந்த அனுமதியைக் கொடுக்கும். உறுதியில் வழக்கிலக்கம் எழுதியிருக்கும். குடும்பம் அறுபது வருடம் "பாட்டா மலாயாவில் செத்துப்போனார்" என்று சொல்லிவந்தது அந்த வழக்குக் கட்டில் "இருக்குமிடம் தெரியாது" என்று கிடக்கலாம்.

மலாயாவும் தெற்குக் கடைகளும்

தீவுப்பகுதி ஆண்களின் வாழ்க்கை இரண்டு இடத்தில் நடந்தது. ஒரு கூட்டம் கொழும்பு முதல் தெற்குச் சிங்கள ஊர்கள் வரை கடை வைத்திருந்தது. வருடத்தில் ஓரிரு தரம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரும். இன்னொரு கூட்டம் யாழ்ப்பாணத்தின் மற்ற ஊரவரைப் போல மலாயாவுக்கு ரயில்வேக்கும் கந்தோருக்கும் போனது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து 1945 செப்டெம்பர் வரை கடிதமும் காசும் நின்றன. இரண்டு கரையிலும் மற்றவர் செத்துவிட்டார் என்று நினைத்துப் புதுக் குடும்பம் அமைந்த கதைகள் அந்த மூன்றரை வருடத்தில் பிறந்தவை. எனவே பாட்டா வெளியூரில் இருந்தவர் என்றால், ஊரில் பிள்ளைகள் பிறந்த திகதிகளையும் அவர் ஊருக்கு வந்துபோன காலங்களையும் ஒரே கோட்டில் எழுதிப் பாருங்கள். இடைவெளி 3 வருடத்துக்கு மேல் போனால் மற்றக் கரையில் தேடத் தொடங்கலாம். கிளிநொச்சிப் பக்கம் வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

கல்வெட்டில் இல்லாதவர்

செத்தவீடு முடிந்து 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் "கல்வெட்டு" என்போம். திதி வெண்பா, தேவாரம், புலம்பல், கடைசியில் வம்சாவளி. நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் இப்படிப்பட்ட மலர்கள் ஏராளம் எண்ணிமப்படுத்திக் கிடக்கின்றன. வீட்டில் இல்லையென்றால் அங்கே ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடலாம். ஒரே குடும்பத்தின் ஒரு கல்வெட்டை வாசித்துப் பிரயோசனம் இல்லை. தகப்பனுடையது, தாயுடையது, தகப்பனின் சகோதரங்களுடையது என்று குறைந்தது நாலை வைத்து வம்சாவளியைப் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட வேண்டும். "கூட்டிக்கொண்டு ஓடின" மகளின் பெயர் தகப்பனின் கல்வெட்டில் இராது. இருபது வருடம் கழித்து வந்த தாயின் கல்வெட்டில் திரும்ப வந்திருக்கும். எந்த வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அப்படித் தெரியும்.

பத்திரிகை மரண அறிவித்தலுக்கு அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. காலஞ்சென்ற இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தகப்பனும், சகோதரனும், மைத்துனரும், பெறாமக்களும், பேரப்பிள்ளைகளும் என்று போகும். பெறாமகன் என்றால் ஆணுக்கு அண்ணன் தம்பியின் மகன், பெண்ணுக்கு அக்கா தங்கையின் மகன். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெறாமகனையும் ஒரு சகோதரத்தோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாமல் ஒருவர் மிஞ்சினால், வளர்த்த பிள்ளையாக இருக்கலாம், வெளியே சொல்லாத பிள்ளையாகவும் இருக்கலாம். தேசவழமையில் மஞ்சள்நீர் குடித்துப் பிள்ளை எடுக்கும் முறை பழையது; அதற்குக் கடதாசி இராது. நீதிமன்றத் தத்தெடுப்பு 1941இன் கட்டளைச் சட்டத்தோடு வந்தது.

பள்ளிக்கூட அனுமதிப் பதிவேடு இதற்குத் துணை. "பெற்றார் அல்லது பாதுகாவலர்" கூட்டில் தாய்மாமன் பெயர் இருந்தால், முன்பு படித்த பாடசாலை எது என்ற கூட்டையும் பாருங்கள். பிள்ளை எந்த ஊரிலிருந்து தீவுக்கு வந்தது என்பது அங்கே இருக்கும். 1931க்குப் பிறகான வாக்காளர் இடாப்பில் ஒரே வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கோயில் புத்தகம்

கத்தோலிக்கக் குடும்பமென்றால் வேலை இலகு. 1908 முதல், ஞானஸ்நானம் பெற்றவர் பின்னால் எங்கே மணம் முடித்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்று திருச்சபை விதித்தது. ஓடிப்போய் வேறு பங்கில் முடித்த கலியாணம்கூடப் பிறந்த பங்கின் புத்தக ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய பதிவுகள் லத்தீனில். தகப்பன் அறியப்படாதவர், முறைப்படி பிறவாதவர் என்று பொருள்படும் சொற்கள் இரண்டையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களைத் தவறாமல் குறியுங்கள். தகப்பனின் வீட்டார் வெளியே வராத பிள்ளைக்கு அவர்களுடைய சகோதரியே ஞானத்தாயாக நின்றிருப்பார். இருபது வயதில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்று, சில கிழமைக்குள் கலியாணப் பதிவும் வந்தால், சைவப் பிள்ளை ஒன்று காதலித்து வேதத்துக்குச் சேர்ந்ததென்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மச்சான் மச்சாளுக்குத் திருச்சபை தடைநீக்கம் கொடுத்துத்தான் மணம் முடித்து வைக்கும். அந்த மனுவில் இரண்டு பேரின் பாட்டா ஆச்சி வரைக்கும் உறவு வரைந்திருப்பார்கள். குருவானவரிடம் "எங்கட வம்சாவளி" என்று கேளுங்கள். "பாட்டி களவாய்ப் பெத்த பிள்ளை" என்று தொடங்கினால் புத்தகம் அலமாரிக்குள்ளேயே இருந்துவிடும்.

சைவக் குடும்பங்களுக்குக் கல்லறையும் இல்லை, கோயில் புத்தகமும் இல்லை. இருப்பது சாதகக் குறிப்பு. அதில் வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடக் குழப்பம் வரும்: "பிரபவ" என்றால் 1867, 1927, 1987 மூன்றும்தான். சனியை வைத்துப் பிரிக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். சரிவராது, சனி 60 வருடத்தில் ஏறக்குறைய இரண்டு சுற்று முடித்து அதே ராசிக்கு வந்துவிடும். 1927 சித்திரையிலும் 1987 சித்திரையிலும் சனி விருச்சிகத்தில்தான். ராகுவைப் பாருங்கள்: 1927 சித்திரையில் மிதுனம், 1987 சித்திரையில் மீனம். ஒரே பெயர் பாட்டாவுக்கும் அவருடைய பேரப்பிள்ளைக்கும் வரும் குடும்பங்களில் இந்தச் சின்னச் சோதனை இரண்டு தலைமுறையைப் பிரித்துத் தரும்.

துடக்குக் கேள்வி

இப்போதுதான் ஆச்சிமாரிடம் போக வேண்டும், கையில் கேள்விகளோடு. "பாட்டாவுக்கு வேற தொடுப்பு இருந்ததோ?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சடங்கைக் கேளுங்கள்.

"ஆச்சி, பாட்டா செத்த நேரம் ஆர் ஆர் துடக்குக் காத்தவை?"

துடக்கு என்பது 31 நாள் கோயிலுக்குப் போகாமல் இருக்கும் கடமை; இரத்த உறவு இல்லாதவர் அதை விளையாட்டுக்குக் காக்க மாட்டார். கொள்ளி வைத்தது யார், பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகள் யார், வாய்க்கரிசி போட வந்து படலையோடு நின்றவர் யார், எந்த வீட்டுக் கலியாணத்துக்கு வெற்றிலை வைத்துச் சொன்னார்கள், எந்த வீட்டுக்குச் சொல்லவில்லை. இவற்றுக்கு ஆச்சிமார் யோசிக்காமல் பதில் சொல்வார்கள், ஏனென்றால் இது வம்பு அல்ல, முறை. முறை தெரியும் என்பதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. ஒரே கேள்வியை ஒரு தாய்வழி ஆச்சியிடமும் ஒரு தகப்பன்வழி ஆச்சியிடமும் தனித்தனியே கேளுங்கள். மருமகள்மார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். வாசலில் போய் இருந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "காணி கேட்டு வரேல்ல." உறுதிப் பிரதிகளோடு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவரைப் பார்த்தால், பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்தவருக்கும் பயம் வரும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போரால் தன் காணிக்கு வரமுடியாமல் போனவருக்கு எதிராக அந்த ஆட்சிக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016இல் சட்டம் வந்த பிறகு அந்தப் பயம் கூடத்தான் செய்திருக்கிறது.

மௌனம் எல்லாம் காதல் ரகசியம் அல்ல. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்தவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990க்குப் பிந்திய இடப்பெயர்வுகளில் பெயரும் பத்திரமும் இல்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஆச்சி ஒரு பெயரில் வந்து நிறுத்தினால், முதலில் அந்த ஆள் இல்லாமல் போன வருடத்தைக் கேளுங்கள். வருடம் அந்தக் காலத்தில் விழுந்தால், அன்றைக்குப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவது மரியாதை.

எச்சில் குழாய் சொல்வதும் சொல்லாததும்

கனடா, இங்கிலாந்துப் பிள்ளைகள் இப்போது மரபணுச் சோதனையோடுதான் தொடங்குகிறார்கள். பொதுக் கணக்கு இது: பாதிச் சகோதரத்துக்குச் சராசரி 1,750 சென்டிமோர்கன் (இருவரும் பகிரும் மரபணுத் துண்டுகளின் அளவு), ஒன்றுவிட்ட சகோதரத்துக்கு 870 வரை, அதில் பாதி உறவுக்கு 450, இரண்டுவிட்டதற்கு 230. ஆனால் இந்த எண்கள் தலைமுறைதோறும் மச்சான் மச்சாளை முடிக்கும் தீவுக்காக எழுதியவை அல்ல. ஒரே இரத்தம் பல வழியால் வந்து சேர்வதால் எல்லோரும் இருக்கிற உறவை விடக் கிட்ட உறவாகத் தெரிவார்கள். மாற்றுக் கலியாணம் இன்னும் மோசம். அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் முடித்தால், அவர்களின் பிள்ளைகள் 1,750க்கு அண்மையில்தான் பொருந்துவார்கள். அதைப் பாதிச் சகோதரம் என்று வாசித்து ஒரு குடும்பமே குழம்பும்.

மொத்தத்தை விட்டு, துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள். மொத்தம் பெரிதாக இருந்து, துண்டெல்லாம் 7, 8, 10 என்று சின்னஞ்சிறிதாக இருந்தால் அது பழைய ஊர்க்கலப்பு. 60, 80 என்று நீளத் துண்டுகள் நாலைந்து இருந்தால் அண்மைய உறவு. இரண்டு குரோமோசோமிலும் ஒருங்கே பொருந்தும் பகுதி உண்டா என்றும் பாருங்கள். முழுச் சகோதரத்தில் அது கால்வாசி, பாதிச் சகோதரத்தில் அநேகமாக இல்லை, மாற்றுக் கலியாணப் பிள்ளைகளில் கொஞ்சம் இருக்கும். குறைந்தது ஐந்து பேராவது சோதிக்க வேண்டும், அதில் இருவர் வயதில் மூத்த தலைமுறை. "வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வழி வந்தவர்கள்" என்ற கதை உள்ள வீட்டில், ஆண்வழியே நேராக வந்த ஒருவர் வை குரோமோசோம் சோதனை செய்தால் போதும். இடையில் ஒரு பெண் வந்தால் அந்தச் சோதனைக்குப் பயனில்லை. எச்சில் எடுக்கும் முன்னம், "நினையாத ஆள் தகப்பனாக வந்தால் சொல்லவோ, விடவோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவு வந்த பிறகு கேட்கிற கேள்வி அல்ல அது.

போகும் காலம்

குறிகட்டுவானில் இருந்து படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் மழையும் வாடையும். மாசி முதல் சித்திரை வரை கடல் படுத்திருக்கும். கச்சதீவு அந்தோனியார் திருநாளும் அந்தப் பருவத்தில்தான் வரும், வெளியூரில் இருப்பவர்களும் வந்து நிற்பார்கள். ஒரே நாளில் போய் வருகிறவருக்கு கற்பார் மதிலும் பெருக்குமரமும் குதிரையும் தெரியும்; ஆச்சிமார் பேசத் தொடங்குவது பின்னேரம், கடைசிப் படகு போன பிறகு. மூன்று இரவு தங்குங்கள். உறுதிகளின் மூலத்தைக் கொண்டுபோக வேண்டாம், படியெடுத்ததை மட்டும் கொண்டுபோங்கள். கடல் நீருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.

எழுதி முடித்த வம்சாவளியை இரண்டு கட்டாக வைப்பது வழக்கம். செத்தவர்கள் மட்டும் உள்ளது ஒன்று. அதை யாருக்கும் கொடுக்கலாம். உயிரோடிருப்பவர்கள் உள்ளது மற்றது. அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று கூடு போடுங்கள்: இந்தச் செய்தி எந்தப் பத்திரத்தில் இருந்து, யார் சொன்னது, அந்த ஆளுக்கு இது தெரியுமா. மூன்றாவது கூட்டில் "தெரியாது" என்று எழுதிய பெயர்களை முதலாவது கட்டில், அடுத்த கல்வெட்டில், குடும்ப வாட்ஸ்அப்பில் எங்கேயும் போட வேண்டாம். அப்படிப்பட்டவரிடம் சொல்வதென்றால், அவர் வீட்டில், அவர் கேட்ட பிறகு, பத்திரத்தின் பிரதியைக் கையில் கொடுத்து.